மூக்கு வைத்த ஸ்க்ரூ

சிதம்பரம் தெற்கு வீதியில், ஹாஸ்டல் அறையில் துணிக்கொடி கட்டக் கொக்கி வாங்கலாம் என்று ஒரு ஹார்டுவேர் கடையில் நின்றபோதுதான் அதைப் பார்த்தேன். டப்பா நிறைய ஸ்க்ரூ. ஒவ்வொன்றின் மூக்கிலும் குட்டி டிரில் பிட். தலைக்கடியில் கறுப்பு ரப்பர் வளையம். ஓட்டை போடுவதும் அதுவே, மரை வெட்டிக்கொண்டு இறங்குவதும் அதுவே, போட்ட ஓட்டையை மூடுவதும் அதுவே. உடனே கடலூரில் அக்கா வீட்டு மாடி ஞாபகம் வந்தது. கொக்கியை மறந்து, ஸ்க்ரூவோடு பஸ் ஏறிவிட்டேன்.

மாடியில் தகர ஷீட் போட்ட அறையில்தான் அக்காவின் தையல் மெஷின். போன மழையில் யாருடையதோ பட்டு ரவிக்கைமேல் துருத்தண்ணீர் சொட்டிவிட்டது. கூரை ஒழுகாது என்று தெரிந்தால்தான் இந்தத் தீபாவளிக்கு ஆர்டர் எடுப்பேன் என்று சொல்லிவிட்டாள். மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், புது ஷீட் வாங்கி வைத்திருந்தார். ஆனால் அதை மாட்டுவதற்கு, பழைய கூரையில் கழற்றிய வளைந்த போல்ட்டுகளையே எடுத்து வைத்திருந்தார். அவற்றின் ஜாதகம் எனக்குத் தெரியும். போல்ட்டைவிட ஓட்டை எப்போதும் கொஞ்சம் பெரிசாகத்தான் விழும். மிச்சத்தைத் தார் வாஷர் அடைக்கும். வெயிலில் தார் வெடிக்கும். மீதியைக் கடல்காற்று பார்த்துக்கொள்ளும்.

மாடியில் நின்று ஒரு சொற்பொழிவே நடத்தினேன். ஒற்றைக் கோடு போட்ட தலையில் திருப்புளி வழுக்கிக் கையைக் குத்திய காலம், பிறகு கூட்டல் குறி வந்த காலம், இப்போது ஆறு பட்டைத் தலையை டிரில் மெஷினின் காந்தக் குழி தானே கவ்விக்கொள்ளும் காலம். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சுத்தியலை எடுத்தார். எங்கள் பக்கத்தில் ஸ்க்ரூவைப் பாதி அடித்து, பாதி திருகுவதுதான் வழக்கம்.

“மாமா, இதுக்கு சுத்தி வேணாம்.”

“ஒரு தட்டு தட்டுனாதான் நிக்கும் மச்சான். படிச்ச ஸ்க்ரூவா இருந்தாலும் அடி வாங்கித்தான் ஆவணும்.”

கிழக்குப் பாதியில் சிலவற்றை அவர் தட்டி நிறுத்தினார். எல்லாவற்றையும் நான் டிரில் மெஷினால் இறக்கினேன். இறுக்க இறுக்க ஒழுகாது என்பது என் கணக்கு. மெஷின் முனகும்வரை விடவில்லை.

அக்கா ஹோஸைப் பிடித்துத் தண்ணீர் அடித்தாள். கீழே அங்கங்கே சொட்டியது.

“ரெண்டு பேரும் சேந்து கூரைக்கு காது குத்தி வச்சிருக்கீங்க,” என்றாள். “சாப்பாடு எங்க போட்டிருக்கு?”

ஏறிப் பார்த்தோம். மாமா தட்டிய இடங்களில் ஷீட் குழிந்து, ரப்பர் ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தது. மற்றவை என் கைங்கரியம்: ரப்பர் பிதுங்கி, நாக்கைத் துருத்திக்கொண்டு நின்றது. என்னுடையதும் ஒழுகுகிறது என்று கண்டதும் மாமா முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

மேற்குப் பாதிக்கு அவர் சுத்தியலைத் தொடவில்லை. மெஷினின் கழுத்தில் விசையைக் குறைக்கும் வளையம் ஒன்று உண்டு. அதைத் திருப்பி வைத்து, ரப்பர் லேசாக எட்டிப் பார்த்ததும் நிற்கும்படி இறக்கினேன். மறுபடி ஹோஸ். அக்கா இன்னும் அடிக்கச் சொன்னாள், கீழே போய்க் கையால் தடவிப் பார்த்தாள். உலர்ந்தே இருந்தது. தையல் மெஷினை மேற்குப் பக்கம் நகர்த்தச் சொன்னாள்.

“பாதி கூரைதானே ஒழுகாம நிக்குது. பாதி ஆர்டர்தான் எடுப்பேன்.”

மீதிப் பாதி வரும் ஞாயிற்றுக்கிழமை. கிழக்குதான் கடலைப் பார்த்த பக்கம். அதற்கென்று சிதம்பரம் கடையில் வேறொரு ஜாதி ஸ்க்ரூ சொல்லி வைத்திருக்கிறேன்: உடம்பு துருப்பிடிக்காத எஃகு, துளைக்கிற மூக்கு மட்டும் கடினமான எஃகு. ஏற்கெனவே விழுந்த ஓட்டைகளுக்கு ஒரு சுற்றுப் பருத்த ஸ்க்ரூவும் அகல வாஷரும். குழிந்த இடங்களை நிமிர்த்த முடியுமா என்று தெரியாது. முதலில் ஒரே ஒரு வரிசை. தண்ணீர் அடித்துப் பார்த்துவிட்டு அடுத்தது.