ஒரு நொடி முன்னால் மூடிய கண்கள்

நான் சந்தேகப் பேர்வழிதான். அதை யாரும் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வேதியியல் வாத்தியார் வேலையோடு, பரீட்சைக் காலத்தில் பறக்கும் படையில் பள்ளி பள்ளியாகப் போய்க் காப்பியடிக்கிறவர்களைப் பிடிக்கும் வேலையும் என் தலையில்தான் விழும். பிட் வைத்திருக்கிறவன் அதை எடுப்பதற்கு முன் ஒருமுறை நம்மைப் பார்ப்பான். அந்தப் பார்வை போதும் எனக்கு. இத்தனை வருஷம் இதையே செய்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கண்ணைக் கழற்றி ஆணியிலா மாட்ட முடியும்?

இந்த வருஷம் லெந்து நாட்களில் போய் ஒரு திகில் படத்தின் இரண்டாம் பாகத்தை வெளியிட்டார்கள். முதல் பாகத்தை நானும் மனைவியும் வீட்டு டிவியில் பார்த்திருந்தோம். ஆனால் ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் எங்கள் வீட்டில் இறைச்சி கிடையாது, சினிமாவும் கிடையாது. அம்மா சபையில் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர். அந்த நாட்களில் டிவி சத்தம் கேட்டாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அதனால் பொறுத்திருந்து, ஈஸ்டருக்கு மறுநாள் மனைவியைக் குழித்துறைக்கு மேட்னி காட்சிக்குக் கூட்டிப்போனேன். ஒப்புக்கு அம்மாவையும் கூப்பிட்டேன். "வெட்டு குத்து படமா? எனக்கு வாண்டாம் மக்கா" என்று சொல்லிவிட்டாள்.

தியேட்டர் வாசலில் காலைக் காட்சி முடிந்து வெளியே வந்தவர்களை மடக்கி, போனில் மைக்கைச் செருகிக்கொண்டு இரண்டு பேர் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "சத்தியமா சொல்லுதேன், உயிரு போயிட்டு வந்துது" என்றான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அதே ஆள் இன்னொரு போன் முன்னால் அதே நெஞ்சை அதே மாதிரி பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஆள் வைத்து அலற விடுகிறார்கள் என்று மனைவியிடம் சொன்னேன். "எதுக்கெடுத்தாலும் ஒரு சந்தேகமாக்கும் ஒங்களுக்கு" என்று சிரித்தாள்.

படம் தொடங்கியதும் பின்வரிசையில் ரகளை. நாற்பது வருஷத்துக்கு முந்தைய படம் போலத் தெரிய வேண்டும் என்று வேண்டுமென்றே எடுத்திருந்தார்கள். மஞ்சளடித்த நிறம், திரை முழுக்கக் கீறல், பழைய கேசட் ஓடுவது போல ஒரு இரைச்சல். அது தெரியாத ஒரு பெரியவர் எழுந்து நின்று, "லேய், நல்ல படம் போடுங்கடே, இது தேஞ்சு போச்சுல்லா" என்று ஆபரேட்டர் அறையைப் பார்த்துக் கத்தினார். இளவட்டங்கள் அதற்கும் கைதட்டினார்கள். முகத்தில் சாக்கு மாட்டிய கொலைகாரன் முதல் தலையை வெட்டியதும் பெரியவர் தானாகவே உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் பயந்ததா, கொண்டாடியதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பெண்கள் அலறினார்கள், அலறி முடித்ததும் சிரித்தார்கள். எங்களுக்கு முன்னால் இருந்த குடும்பம் ஒவ்வொரு கொலைக்கும் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தது. ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினில் ஒருவன் கையைக் கொடுத்து உருட்டுகிற இடத்தில் தியேட்டரே அலறும் என்று எதிர்பார்த்தேன். எங்கள் ஆட்களா அலறுவார்கள்? ரப்பர் விளைகிற ஊர், பாதிப் பேர் வீட்டில் அந்த மெஷின் கிடக்கிறது. "பாலு ஒறையாம எப்பிடிடே ஷீட் அடிப்பான்? இவனுவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஒரு குரல். அவன் கை கூழாகிக்கொண்டிருக்கிறது, இவர்களுக்கு ரப்பர் பால்தான் கவலை.

அப்போதுதான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மண்டை பிளந்து வருகிறவர்களுக்குத் தையல் போடும்போது கூடவே நின்றுவிட்டு வந்து, மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறவள். அவள் கண்ணை மூடியது ஒரு பக்கம் இருக்கட்டும். கை மெஷினுக்குள் போவதற்கு முன்பே மூடியிருந்தாள். திரையில் அந்த ஆள் அப்போதுதான் மெஷினுக்குப் பக்கத்தில் வருகிறான். சாக்குக்காரன் இன்னும் கதவையே திறக்கவில்லை.

அதற்கப்புறம் நான் படம் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தேன். கிணற்றடியில் எல்லோரும் பதறிக் கத்தியபோது அவள் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றும் நடக்கவில்லை, வெறும் பூனை. எல்லோரும் சாவகாசமாக இருந்த கல்யாண வீட்டுக் காட்சியில் அவள் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். அடுத்த நொடி கட்டிலுக்கு அடியிலிருந்து கத்தி வந்தது. இவள் இந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறாள்.

பார்த்திருந்தால் என்னிடம் ஏன் மறைக்க வேண்டும்? யாரோடு பார்த்தாள்? அவளுடைய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன் ஒருவன் உண்டு, சினிமாப் பைத்தியம். படம் கொள்ளாம், நல்லாயிருக்கு என்று அவன் சொன்னதாக அவளே ஒருநாள் சொல்லியிருந்தாள். இடைவேளையில் சாயா வாங்கிக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டேன்.

"மெஷின்ல கைய விடுவான்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமோ?"

"எனக்கெப்பிடி தெரியும்?" என்றாள். சொல்லும்போது சாயாக் கிளாஸுக்குள் பார்த்தாள். அது போதும் எனக்கு.

திரும்பி வரும்போது அவளை வீட்டில் இறக்கிவிட்டு, பால் வாங்குகிற சாக்கில் சர்ச்சுப் பக்கம் போனேன். படம் வெளியான வெள்ளிக்கிழமை எனக்குப் பறக்கும் படை வேலை, அதுவும் தொலைவில், பேச்சிப்பாறைப் பக்கம். அன்று அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவோடு உபவாச ஜெபத்துக்குப் போனதாகச் சொல்லியிருந்தாள். சர்ச்சில் மணி அடிக்கிறவரிடம் பேச்சுக்கொடுத்தேன். "அண்ணைக்கு ஏது ஜெபம்? ஐயரு கன்வென்ஷனுக்குல்லா போயிருந்தாரு. சர்ச்ச தொறக்கவே இல்ல" என்றார். ஐயர் என்றால் எங்கள் சபைப் போதகர். பால் வாங்க மறந்து வீட்டுக்கு வந்தேன். அன்று மாலை முழுக்க அவள் என்னிடம் பேசியதற்கெல்லாம் ஊம் கொட்டினேன். பதினெட்டு வருஷ வாழ்க்கை கையைவிட்டுப் போகிறது என்றே நினைத்தேன். பயமாக இருந்தது.

காலையில் அவள் குளிக்கப் போனதும் அம்மாவிடம் போனேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"லெந்து நாளுல ஒனக்க மருமொவ ஒனக்ககூட ஜெபத்துக்குப் போறேன்னு எனக்கிட்ட சொல்லிட்டு எங்க போனான்னு தெரியுமா? சினிமாவுக்கு. ஆருகூட போனான்னு நான் கண்டுபிடிக்கத்தான் போறேன்."

அம்மா துருவுவதை நிறுத்தினாள். "எனக்ககூடத்தான் வந்தா" என்றாள்.

நான் நம்பவில்லை. மருமகளைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர், லெந்து நாளில், சாக்குக்காரன் படத்துக்கா? "அப்படீன்னா கல்யாண வீட்டுல என்ன நடந்துதுன்னு சொல்லு பாப்போம்" என்றேன்.

சொன்னாள். கட்டிலுக்கு அடியிலிருந்து கத்தி வந்ததை, குதிகால் அறுந்ததை, மாப்பிள்ளை தவழ்ந்து போனதை, துருவலைக் கையில் வைத்துக்கொண்டே ஒன்றுவிடாமல் சொன்னாள். கண்ணெல்லாம் மின்னியது. முதல் பாகத்தை நாங்கள் பார்த்தபோது இவளும் அடுத்த அறைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறாள். ஜெபம் இல்லை என்று தெரிந்ததும் இவள்தான் மருமகளை இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். நேற்று நான் கூப்பிட்டபோது வராததற்கு, ஒருமுறை பார்த்தாயிற்று என்பதுதான் காரணம்.

"செரி, இப்ப நீ சொல்லு" என்றாள். "கடைசில சாக்கக் கழத்துனப்போ உள்ள இருந்தது ஆரு?"

எனக்குத் தெரியவில்லை. முந்தின நாள்தான் பார்த்துவிட்டு வந்த படம்.

"எனக்கிட்ட சொல்லியிருக்கலாமே. லெந்துல போனதுனாலயா ரெண்டுபேரும் மறைச்சிய?" என்றேன்.

"லெந்துல போன பாவத்த ஆண்டவருகிட்ட அண்ணைக்கே சொல்லி மன்னிப்புக் கேட்டுட்டேன். ஒனக்கிட்ட சொல்லத்தான் பயமாயிருந்துது. ஏன் போன, எப்பம் போன, பக்கத்துல ஆரு இருந்தான்னு உயிர எடுப்ப. அவகிட்டயும் சொல்லாதேன்னுட்டேன்."

மனைவி தலையைத் துவட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. எக்ஸ்ரேக்காரனைப் பற்றி நான் வாய்விட்டு எதுவும் சொல்லாதது என் அதிர்ஷ்டம். ஆனால் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, முகத்தில் தெரிந்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. "தெரிஞ்ச படத்துக்கு எதுக்கு மறுபடி வந்த? வரல்லன்னு சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டேன். அதுவும் ஒரு கேள்விதான், கேட்ட பிறகுதான் உறைத்தது.

"நீங்க கூப்பிட்டிய. எத்தன வருசம் ஆச்சு நீங்க எங்கயாவது வான்னு கூப்பிட்டு" என்றாள். "ஒங்களுக்குப் பயம் வருமாண்ணு பாக்க ஆசயாட்டும் இருந்துது. நீங்க எங்க, படத்தயா பாத்திய."

துண்டைக் கொடியில் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போகிறவள் நின்று, அம்மா பக்கம் கையைக் காட்டினாள்.

"மாமிக்கும் பயம்தான். ரெண்டு மணிக்கூறும் எனக்க கைய விடவே இல்ல."

அம்மா தலையைக் குனிந்து மறுபடி தேங்காய் துருவத் தொடங்கினாள். முந்தின நாள் தியேட்டர் இருட்டில், மனைவிக்குப் பக்கத்திலேயே, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்.