அண்ணனின் கல்யாணக் கோட்டு

எங்கள் அண்ணிக்குப் புதுத்துணிக் கடைக்குள் நுழைந்தால் கொட்டாவி வரும். பழைய துணிக் குவியலைப் பார்த்தால்தான் கண்ணில் வெளிச்சம். யாரோ ஒரு தடியர் போட்டுக் கழித்த சட்டையைத் தூக்கிப் பிடித்து, "இதுல ரெண்டு கவுன் இருக்கு" என்பார். இருக்கும். எதிர்வீட்டு இரட்டைப் பெண்கள் அந்தக் கவுன்களைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். அது சட்டையாக இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

எங்களுக்கு இருப்பது இரண்டு அறை. ஒன்றில் தையல் மெஷின் குடியிருக்கிறது. மிச்சத்தில் அண்ணன், அண்ணி, நான் என மூன்று பேர். மெஷின் பக்கத்தில் ஒரு பிரம்பு நாற்காலி. அதில் எதைப் போட்டாலும் வெட்டுக்கு வந்தது என்று அர்த்தம். கேள்வியே கிடையாது. அண்ணன் ஒருமுறை மறதியாகப் பைஜாமாவை அதில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். வந்து பார்த்தபோது அது தலையணை உறையாகிவிட்டிருந்தது.

அண்ணியின் கத்தரிக்கோலிலிருந்து அண்ணன் காப்பாற்றி வைத்திருந்தது ஒன்றே ஒன்று, தன் கல்யாணக் கோட்டு. கரும்பச்சை நிறம். பதினோரு வருடமாக அண்ணி கேட்டுக்கொண்டிருக்கிறார். தொப்பை விழுந்து பொத்தான் எட்டாமல் போன பிறகும் அண்ணன் மசியவில்லை.

எனக்கு ஒரு ஹோட்டல் வரவேற்பாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது. மதியம் மூன்று மணிக்கு. அதற்கு முன் ஆறு இடங்களில் போய் உட்கார்ந்து, நாக்கு ஒட்டிக்கொண்டு, என் பெயரையே தப்பாகச் சொல்லிவிட்டு வந்தவன் நான். இதுவும் போனால் வீட்டில் யார் முகத்திலும் விழிக்க முடியாது. அண்ணன் மனமிரங்கி, காலையில் வேலைக்குப் போகும்போது கோட்டை எடுத்துக் கொடுத்தார். அண்ணி அப்போது பழைய துணி வாங்கப் போயிருந்தார். அந்த வீட்டிலேயே எட்டு வருடமாகச் சோறு தின்கிற நான், கோட்டை அந்த நாற்காலியிலேயே மாட்டிவிட்டுக் குளிக்கப் போனேன். என்னை எதால் அடிப்பது?

தலையில் சோப்போடு இருக்கும்போதே வெளியே அண்ணி பாடுவது கேட்டது. என்ன இவ்வளவு சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டே தலையைத் துவட்டினேன்.

"தம்பி, உங்கண்ணன் கடைசில மனசு மாறிட்டாருடா! வந்து பாரு!"

பார்த்தேன். கோட்டுக்கு இரண்டு கையும் இல்லை. கைகள் துண்டு துண்டாகி, தண்ணீர் பாட்டிலுக்கு உறையாகச் சாக்குக்கட்டிக் கோடு போட்டுக் கிடந்தன.

"அண்ணி, அது இன்னிக்கு நான் போட்டுட்டுப் போக வேண்டியது."

அண்ணி கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டார். ஒரு நிமிஷம்தான். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நேரா நில்லு. மூச்சு விடாத."

கைக்குழியை வளைத்து வெட்டி, பாட்டில் உறைத் துணியால் ஓரம் கட்டினார். காலரைக் கழற்றி எறிந்தார். நான் ஒரு பக்கம் இஸ்திரிப் பெட்டியோடு நின்றேன். இரண்டு மணிக்கு அது ஒரு வெயிஸ்ட்கோட். கண்ணாடியில் பார்த்தேன். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

"நல்லாயிருக்கா?" என்றார் அண்ணி.

ஹோட்டலில் மேலாளர் அம்மாள் என் சான்றிதழைத் தொடவே இல்லை. "இது எந்தக் கடையில வாங்கினது?" என்றார். எனக்குப் பொய் வராது. கையில்லாத கோட்டை, பாட்டில் உறையை, மூச்சு விடாமல் நின்றதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அந்த அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பாதியில்தான் உறைத்தது, என் நாக்கு ஒட்டிக்கொள்ளவே இல்லை!

திரும்பி வந்தபோது அண்ணி சாப்பிடாமல் படியில் உட்கார்ந்திருந்தார். "திங்கக்கிழமை சேரச் சொல்லிட்டாங்க, அண்ணி." அவர் என் தோளில் ஓங்கி ஒன்று போட்டுவிட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

சாயங்காலம் அண்ணன் வந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். என்னைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அண்ணி சுவரோடு ஒட்டி நின்றார்.

"இதப் போட்டுட்டு அன்னிக்கு மேடையில நடுங்கிட்டு நின்னேன்டா" என்றார் அண்ணன். "நீ சிரிச்சுட்டு வந்திருக்க. உன்கிட்டயே இருக்கட்டும்."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏங்க, அப்ப அந்தக் கோட்டோட பேன்ட்டு?"

அண்ணன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போய் பீரோவைத் திறந்தார்.