மலைகளின் பெயர்களும் என் அம்மாவின் காலும்

1979ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, என் அம்மா ஞானம்மா கொழுந்துக் கூடையோடு மலையில் சறுக்கி விழுந்தார். இடது தொடை எலும்பு முறிந்துவிட்டது. நான் அப்போது பல்கலைக்கழக நூலகத்தில் பழைய உரையாசிரியர் இருவரை ஒப்பிட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை விடுதிக்குத் தந்தி வந்தது. தாய் ஆஸ்பத்திரியில், உடனே வா.

சபையாரே, இதைச் சொல்ல எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. மற்றவர்கள் சாட்சி சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். என் கதையில் களைப்புதான் அதிகம். ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்ததை நான் மூடி வைக்கக் கூடாது.

தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயம் இலங்கையில் டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தது. அதில் ஒரு காம்பரா, ஒற்றை அறை, எங்களுடையது. அப்பா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அக்கா கல்யாணம் முடித்து, இந்தியப் பாஸ்போட் கிடைத்ததும் புருஷன் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டாள். அம்மாவும் நானும்தான் மிச்சம். எங்கள் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண் நான். தமிழில் சிறப்புப் பட்டம், கடைசி வருடம். சிறப்புப் பட்டத்துக்குப் படிப்பவர்கள் பரீட்சையோடு ஓர் ஆய்வுக் கட்டுரையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பரீட்சைகளை எழுதி முடித்திருந்தேன். கட்டுரையை அக்டோபர் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். ஐந்து அதிகாரங்களில் இரண்டைத்தான் முடித்திருந்தேன்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் அம்மாவின் காலைக் கயிற்றில் கட்டி, கட்டில் முனையில் பாரம் தொங்கவிட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அம்மா சந்தோஷப்படவில்லை.

"ஒனக்கு யாரு தந்தி அடிச்சா? படிக்கிற நேரத்துல எதுக்கு வந்த?"

"சும்மா இருங்கம்மா. வலிக்குதா?"

"வலிக்காம இருக்குமா. நீ நாளைக்கே போயிரு."

மூன்று நாலு மாதம் இப்படியே படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அன்று மாலை நான் லயத்துக்குப் போனபோது பெருமாள் கங்காணி எங்கள் வாசலில் காத்திருந்தார். அம்மா வேலை செய்த கொழுந்துக் கூட்டத்தை மேய்ப்பவர் அவர்.

"எஸ்தரு, சொல்றேன்னு வருத்தப்படாத. ஒங்க காம்பராவுல இப்ப வேலைக்கு வர்ற ஆளு இல்ல. ரொம்ப நாளு இப்புடி இருந்தா பேர வெட்டிருவாங்க. அப்பறம் காம்பராவக் கேப்பாங்க. அம்மாவுக்குப் பதிலா நீ மலைக்கு வந்தா, நான் பேரு போடுற கண்டாக்கையாகிட்டப் பேசிப் பாக்குறேன்."

நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் அழுதிருப்பேன்.

"வர்றேங்க மாமா" என்றேன்.

அடுத்த நாள் காலை ஆறரை மணிக்கு, வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் மற்றப் பெண்களோடு நின்றேன். அம்மாவின் கூடை. அம்மாவின் கம்பளி. இடுப்பில் அம்மாவின் படங்குச் சாக்கு. அந்த மாதம் மழை விடவே இல்லை. முதல் வாரத்தில் என் விரல்கள் வெடித்துவிட்டன. கொழுந்துச் சாறு பட்டு வெடிப்புகள் கறுத்தன. அட்டைகள் காலில் ஏறின. மற்றவர்கள் இரண்டு நிரை முடிக்கும்போது நான் அரை நிரையில் நின்றேன். "காம்பஸ் படிப்பு கொழுந்துக்கு ஒதவாதுடி" என்று யாரோ சொன்னாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. அது உண்மை.

நாலு மணிக்குக் கொழுந்தைத் தராசில் நிறுத்த பிறகு, ஈர உடையை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்குவேன். இரண்டரை மைல். பஸ் வந்தால் பஸ், வராவிட்டால் நடை. அம்மாவுக்கு முகம் துடைத்து, முதுகில் புண் வராமல் பவுடர் போட்டு, ஏழரை மணிக்குள் திரும்புவேன். சோறு பாதி வெந்திருக்கும்போதே தூக்கம் வந்துவிடும். புத்தகப் பையை அவிழ்க்கவே இல்லை.

ஜூலை கடைசியில் ஒரு நாள் லீவு கேட்டுப் பல்கலைக்கழகம் போனேன். என் கட்டுரையை மேற்பார்வை செய்த விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிப்பான பெண்மணி. நாங்கள் எல்லாரும் அவரை மிஸ் என்போம். அவர் என் கைகளைப் பார்த்தார்.

"எஸ்தர், நீர் எழுதின ரெண்டு அதிகாரமும் நல்லாயிருக்கு. ஆனா மிச்சத்துக்குப் புத்தகங்கள் பாக்க வேணும். தோட்டத்தில இருந்துகொண்டு அதை என்னெண்டு எழுதுவீர்?"

"தெரியாது மிஸ்."

"திகதியை மாத்த எனக்கு அதிகாரமில்லை. ஒரு வருஷம் பிற்போடலாம். யோசிச்சு எனக்குக் கடிதம் எழுதும்."

ரயிலில் ஹட்டன் வரும்வரை யோசித்தேன். அடுத்த வருடமும் அம்மாவுக்கு இதே கால்தான். எனக்கும் இதே மலைதான். பிற்போட்டால் நான் திரும்பிப் போகப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது.

ஆகஸ்ட் முதல் வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. அசையாமல் படுத்திருந்ததால் நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மூச்சு விடும்போது ஒரு சத்தம் கேட்டது. நான் போனால் கண்ணைத் திறந்து பார்ப்பார், பெயர் சொல்ல மாட்டார். வார்டில் இருந்த சிங்கள நர்ஸ் என் தோளைத் தட்டி, பயப்படாதே தங்கச்சி, ஊசி போடுகிறோம் என்று அவர் மொழியில் சொன்னார். அவர் சொன்ன விதத்திலேயே எனக்குப் பயம் வந்தது.

மறுநாள் வேலைக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது. பத்து மணி இருக்கும். கையைச் செடியில் வைத்தேன், விரல் மடங்கவில்லை. அப்படியே ஒரு சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். நான் ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியவள். சபையில் எழுந்து நின்று நீளமாக ஜெபிப்பவள். அன்று எனக்கு ஒரு வசனமும் ஞாபகம் வரவில்லை.

"ஆண்டவரே, என்னால முடியல. படிப்ப எடுத்துக்குங்க. அம்மாவ விட்டுருங்க."

இவ்வளவுதான் என் ஜெபம். ஆமென்கூடச் சொல்லவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. சமாதானம் இறங்கியது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மழைதான் வந்தது.

அப்போது பக்கத்து நிரையிலிருந்து பார்வதி அக்கா வந்தார். அம்மாவோடு இருபது வருடம் கொழுந்து எடுத்தவர். என் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, தன் கூடையிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி என் கூடையில் போட்டார்.

"எந்திரி புள்ள. கங்காணி வர்றாரு. ஒக்கார்றதுக்கு நல்ல எடம் பாத்த போ. இது புள்ளபெத்தா மலை."

தோட்டத்துத் தேயிலைத் துண்டு ஒவ்வொன்றையும் நாங்கள் மலை என்போம். இதுவும் சின்ன வயதிலிருந்து கேட்ட பெயர்தான். ஏன் அப்படி ஒரு பெயர் என்று நான் கேட்டதே இல்லை. அன்று ஏனோ கேட்டேன். ஒருவேளை எழும்பாமல் இருக்க ஒரு சாக்காக இருக்கலாம்.

"எங்க அம்மாயி காலத்துல ஒருத்தி நெறமாசத்தோட கொழுந்து எடுக்க வந்துருக்கா. இந்த மரத்தடியிலதான் பெத்தாளாம். புள்ளையக் கம்பளியில சுத்தி வச்சுட்டு, அன்னைக்குக் கொழுந்த நிறுத்துட்டுத்தான் லயத்துக்குப் போனாளாம். ஆபீசுல இதுக்குப் பேரு ஏழாம் நம்பரு. நமக்கு என்னா நம்பரு?"

நான் எழுந்தேன். கொழுந்து எடுத்தேன். மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மாவுக்குக் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "எஸ்தரு, சாப்புட்டியா?" என்றார். ஐந்து நாளைக்குப் பிறகு என் பெயரைச் சொன்னார். நான் வெளியே குழாயடிக்குப் போய் முகம் கழுவுகிற மாதிரி நின்று அழுதேன்.

ஜெபத்தில் படிப்பை விட்டுக்கொடுத்திருந்தேன் அல்லவா. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மிஸ்ஸுக்குக் கடிதம் எழுதினேன். இனி என்னால் முடியாது, மன்னியுங்கள் என்று எழுதினேன். பக்கத்தில் இடம் மிச்சமிருந்தது. ஏனென்று தெரியாமல், புள்ளபெத்தா மலையின் கதையையும் எழுதினேன். ஆபீஸ் வரைபடத்தில் எண் மட்டும்தான் இருக்கிறது, எங்கள் வாயில்தான் பெயர் இருக்கிறது என்றும் எழுதினேன். அவர் என் அறியாமையைப் பார்த்துச் சிரிப்பார் என்று நினைத்தேன்.

எட்டு நாளில் பதில் வந்தது. நாலே வரிகள். உரையாசிரியர்களை விட்டுவிடும். இந்தப் பெயர்களைப் பற்றியே எழுதும். துறைத் தலைவரிடம் பேசித் தலைப்பை மாற்றிவிட்டேன். அக்டோபர் கடைசிக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது, கெதியாய்ச் செய்யும்.

கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்னொரு வேலை என்றுதான் தோன்றியது. ஆனால் மறுநாள் மலையில் பார்வதி அக்காவிடம் சொன்னேன். அவர் நிரைக்கு நிரை கூவினார்.

"இந்தா, ஞானம்மா மக நம்ம மலைப் பேரெல்லாம் எழுதப் போறாளாம். தெரிஞ்சவளுக சொல்லுங்கடி."

அதற்குப் பிறகு நான் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. பெயர்கள் மழையோடு வந்தன. பீலித்தண்ணி மலை. கோணக்கல்லு மலை. தொரைதொப்பி மலை என்று ஒன்று உண்டு. துரையின் தொப்பியைக் காற்று அடித்துக்கொண்டு போனதால் அந்தப் பெயர் என்று ஒருத்தி சொன்னாள். அங்கே இருக்கும் பாறை தொப்பி மாதிரி இருப்பதால் என்று இன்னொருத்தி சொன்னாள். இரண்டு பேரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. தேத்தண்ணி நேரத்தில் நான் துண்டுக் காகிதங்களில் எழுதி, நனையாமல் சோற்றுப் பெட்டிக்குள் வைத்துக்கொள்வேன். முன்பு சிரித்தவளும் நாலு பெயர் சொன்னாள்.

ஆஸ்பத்திரியிலும் அதுதான் நடந்தது. அம்மாவின் வார்டில் பத்துப் பன்னிரண்டு தோட்டத்துப் பெண்கள் இருந்தார்கள். ராகலைப் பக்கம் பிறந்து டிக்கோயாவில் வாக்கப்பட்ட ஒருவர், தான் பிறந்த தோட்டத்து மலைகளைக் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சொன்னார். நான் வரும் நேரத்துக்கு அவர்கள் தயாராக இருப்பார்கள். அம்மா கட்டிலில் படுத்தபடியே, "நீங்க சொல்லுங்க, அடுத்து நீங்க" என்று முறை வைப்பார். நான் நூலகத்தில் பத்து வருடம் உட்கார்ந்திருந்தாலும் இது கிடைத்திருக்காது.

செப்டம்பரில் ஒரு காலை, பெரட்டில் கங்காணி அன்றைய வேலையைப் பிரித்தார். "நீங்க பன்னெண்டு பேரும் ஞானம்மா விழுந்த மலைக்குப் போங்க" என்றார். சாதாரணமாகச் சொன்னார். பெண்களும் சாதாரணமாகக் கூடையை மாட்டினார்கள். என்னால் நகர முடியவில்லை. ஒரு பெயர் எப்படிப் பிறக்கிறது என்பதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

மாலையில் அம்மாவிடம் சொன்னேன்.

"வழுக்கி விழுந்ததுக்கெல்லாமா பேரு வப்பாங்க?" என்றார். பிறகு, "அதையும் எழுது" என்றார்.

எழுதினேன். அந்த மாதம் கங்காணி கண்டாக்கையாவிடம் பேசி எனக்கு அரைப் பேர் வாங்கித் தந்தார். மத்தியானம் வரை கொழுந்து. பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெஞ்சு. கட்டுரையின் பெரும்பகுதியை அந்தப் பெஞ்சில்தான் எழுதினேன். விரல்கள் நேராகாததால் கையெழுத்து கோணலாக இருந்தது. கொடுக்க வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். மிஸ் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "இருந்து தேத்தண்ணி குடியும்" என்றார். அவர் யாருக்கும் அப்படிச் சொன்னதை நான் பார்த்ததில்லை.

முதல் வகுப்பு கிடைக்கவில்லை. இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு கிடைத்தது. அம்மாவின் கால் ஒரு அங்குலம் குட்டையாகிவிட்டது. அவர் மறுபடி மலைக்குப் போகவில்லை. எனக்கு ஆசிரியர் நியமனம் வரும்வரை இன்னும் பதினொரு மாதம் நான் கொழுந்து எடுத்தேன். காம்பரா எங்களிடமே இருந்தது. இன்றைக்கும் மழைக்காலத்தில் என் விரல்கள் நோகின்றன.

பட்டம் கிடைத்த செய்தி வந்த அன்று பார்வதி அக்காவிடம் போனேன். அவர் எங்கள் கோயிலுக்கு வருகிறவர் இல்லை. மாரியம்மனுக்கு விளக்கு வைக்கிறவர். அன்று மரத்தடியில் நான் ஜெபம் செய்ததையும், அடுத்த நிமிடம் அவர் வந்து நின்றதையும் சொன்னேன். "ஆண்டவர்தான் ஒங்கள அனுப்புனாருக்கா" என்றேன்.

"என்னைய யாரும் அனுப்பல புள்ள" என்றார். "ஒன் கூடை காலியாக் கெடந்துச்சு. அதான் வந்தேன்."

அவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். எனக்குத் தெரிந்ததை நான் உங்களுக்குச் சொல்கிறேன். அம்மாவைத் தரும்படி கேட்டேன், கிடைத்தார். படிப்பை விட்டுக்கொடுத்தேன், அதையும் ஆண்டவர் என் கையிலேயே திருப்பி வைத்தார். அது மட்டும் நான் தப்பிக்க நினைத்த இரண்டு இடங்களின் வழியாக, மலையும் ஆஸ்பத்திரியும் வழியாக, வந்தது.

அதற்குப் பிறகு நான் நீளமாக ஜெபிப்பதில்லை. சபையில் என்னை ஜெபிக்கச் சொன்னால் சீக்கிரம் முடித்துவிடுகிறேன் என்று சிலர் குறை சொல்வதும் தெரியும். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் யாராவது களைத்துப் போயிருந்தால், ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் நடுவில் நடந்து நடந்து ஓய்ந்திருந்தால், நல்ல வார்த்தை தேடிக் கஷ்டப்பட வேண்டாம். முடியவில்லை என்று சொல்லுங்கள். அவருக்கு அது போதும். சொல்லிவிட்டு, பதில் வரும்வரை எழுந்து உங்கள் வேலையைப் பாருங்கள். நானும் அப்படித்தான் செய்தேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.