உங்கட ஆக்கள்

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாஷப்பலில் நான் வேலை செய்யும் மரக்கறிக் கடைக்குப் பக்கத்தில் ஒரு நூலகம் இருக்கிறது. இஸ்லாமிய நாகரிகம் தோன்றி வளர்ந்த கதையை ஆறு செவ்வாய்க்கிழமைகள் அங்கே ஒரு பேராசிரியை இலவசமாகச் சொன்னார். செவ்வாயில் எங்கள் கடை பூட்டு. என்னோடு வேலை செய்யும் அக்காவும் வந்தார். குடியுரிமை நேர்காணலுக்காக அவருக்குப் பிரெஞ்சு காதில் விழவேண்டும், அவ்வளவுதான்.

முதல் வாரம் மக்காவின் ஒட்டக வணிகம். இரண்டாம் வாரம் நபியும் அவரோடு இருந்தவர்களும் மக்காவை விட்டு மதீனாவுக்குப் போனது. மதீனாக்காரர் வந்தவர்களுக்குத் தங்கள் வீட்டையும் தோட்டத்தையும் பங்கிட்டுக் கொடுத்தார்களாம்.

"பாவம், ஊரை விட்டெல்லோ போயிருக்கினம்," என்றார் அக்கா மெதுவாக.

ஐந்து வருடம் கடையில் என் பக்கத்தில் நின்று வெங்காயம் நிறுத்துக் கொடுத்தவர் அவர். என் வாய் தானாகத் திறந்தது.

"எங்களையும் யாழ்ப்பாணத்திலயிருந்து இயக்கப் பெடியள் அப்பிடித்தான் அக்கா கலைச்சவை. வெளிக்கிட ரெண்டு மணித்தியாலம் தந்தவை."

வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் தமிழ் இயக்கம் துரத்திய தொண்ணூறாம் ஆண்டு எனக்குப் பதினொரு வயது. துவக்கோடு நின்ற பெடியன் ஒருவன் என் காதுத் தோட்டைக் கழற்றச் சொன்னான். திருகாணி இறுகியிருந்தது, வாப்பாதான் கழற்றிக் கொடுத்தார். அவசரத்தில் இழுத்ததில் காது கிழிந்தது.

அக்கா என்னைப் புதிதாகப் பார்த்தார். "நீங்கள் முஸ்லிமோ? ஒருநாளும் சொல்லேல்லையே."

"நீங்கள் கேக்கேல்லையே."

"எங்கட தமிழ் நல்லாக் கதைக்கிறியள்."

அது என்னுடைய தமிழும்தான் என்று சொல்லியிருக்கவேண்டும். வெளியே வந்ததும், "அந்த நேரம் எல்லாருக்கும் கஷ்டம்தானே, எங்கட வீட்டிலயும் ஆமி அடிச்ச செல் விழுந்தது," என்றார். செல் விழுந்தது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் நான் சொன்னது அதைப் பற்றியல்ல.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவரும் யாழ்ப்பாணத்தில் எங்கள் தெருக்காரர்தான். "உமக்கு ஏன் தேவையில்லாத கதை? இஞ்சை வந்தும் நிம்மதியா இருக்க விடமாட்டீரோ?" என்று சத்தம் போட்டார். அவரை அவ்வளவு பயந்து நான் கண்டதில்லை.

அக்கா பிறகு வகுப்புக்கு வரவில்லை. நான் தனியே போனேன். டமாஸ்கஸ், பாக்தாத், கடதாசி ஆலைகள், கிரேக்க நூல்களை அரபிக்கு மாற்றியவர்கள், கொர்தோவாவின் நூலகங்கள் என்று பேராசிரியை சொல்லச் சொல்ல எனக்குப் பெருமையாக இருந்தது. ஐந்தாம் வாரம் கடல் வணிகத்தின் வரைபடம் காட்டினார். அது சிந்து நதியோடு முடிந்தது. கை தூக்கி, என் உடைந்த பிரெஞ்சில், எங்கள் தீவுக்கும் அரபிக் கப்பல்கள் வந்தனவே, நாங்கள் அங்கே எத்தனையோ நூற்றாண்டு இருந்தோமே என்றேன்.

அவர் அன்பாகச் சிரித்தார். "அது ஓரம், மதாம். நாங்கள் மையத்தைப் பார்க்கிறோம்."

ஆறாம் வாரம் நான் போகவில்லை.

நோன்பு தொடங்க முன், கடைக்குப் பேரீச்சம்பழப் பெட்டிகள் வந்து இறங்கின. அக்கா ஒன்றைத் தூக்கி என் முன்னால் வைத்தார்.

"இதில என்ன போட்டிருக்கு? உங்கட ஆக்களின்ர எழுத்துத்தானே, வாசியுங்கோ."

அரபியை எழுத்துக்கூட்டி ஓத எனக்குத் தெரியும். பொருள் தெரியாது.

"எனக்குத் தமிழ்தான் அக்கா விளங்கும்," என்றேன்.

அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கே நின்ற அல்ஜீரியக் கிழவரிடம் பிரெஞ்சில் கேட்டார். நல்ல பிரெஞ்சு, நேர்காணலுக்குப் போதும்.