சாலைக்கு அந்தப் பக்கம் நின்ற ஜீப்

குவிலிம் பெப்பின் வீட்டுக்கும் அவருடைய மலைக்கும் நடுவே ஒரு சாலை. அகலம் பதினோரு அடி. குத்துமதிப்பு இல்லை, டேப் வைத்து அளந்தது. நடுவில் புல் முளைத்து, இரண்டு பக்கமும் கல்சுவர் நெருக்க, எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் கால் மைல் பின்னாலேயே போக வேண்டிய சாலை. காலையில் தபால்காரர், மாலையில் பள்ளி வேன், மிச்ச நேரமெல்லாம் ஆடுகள். ஆனாலும் அது அரசாங்கச் சாலை. இந்த வருஷம் பிப்ரவரி ஒன்றாம் தேதியிலிருந்து ஆறு வாரம், குவிலிமின் ஜீப் அந்தப் பதினோரு அடியைத் தாண்ட முடியாமல் அந்தப் பக்கம் நின்றது. இந்தப் பக்கம், ஜன்னல் ஓரத்தில், அவர் மனைவி நெஸ்டா.

ஜீப் கெட்டுப் போகவில்லை. சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. கெட்டுப் போனது வேறு.

அதைச் சொல்ல இருபது வருஷம் பின்னால் போக வேண்டும். நான் அப்போது பிறக்கவில்லை, ஆனால் வேல்ஸில் எங்கள் பள்ளத்தாக்கில் இந்தக் கதை தெரியாமல் யாரும் வளர முடியாது. 2006 மார்ச் 22, புதன்கிழமை. குவிலிம் தன் வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக ஒரு புது வண்டி வாங்கியிருந்தார். நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப். 'வந்து எடுத்துக்கோங்க, இன்னிக்கே பதிவு பண்ணிடலாம்' என்று கடையிலிருந்து போன். அது குட்டி போடும் பருவம். தொழுவத்தில் ஓர் ஆடு முக்கிக்கொண்டிருந்தது, உள்ளே இரட்டை, ஒன்று குறுக்கே கிடந்தது. முழங்கை வரை கையை விட்டிருந்த மனிதர், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "வெள்ளிக்கிழமை வரேன்" என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பதிவானது. குட்டிகள் இரண்டும் பிழைத்தன.

அதே புதன்கிழமை லண்டனில் ஒரு வரவுசெலவுத் திட்டத்தை வாசித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி விடும் புகைக்கு ஏற்ப வரி என்று அதற்கு முன்பே வந்துவிட்டது. இப்போது, மறுநாள் இருபத்து மூன்றாம் தேதி முதல் பதிவாகிற பெரிய வண்டிகளுக்குத் தனியாக ஓர் உச்சப்படி வரி. அதற்கு முந்தின நாள் வரை பதிவானவற்றுக்கு, எவ்வளவு புகை விட்டாலும், வரி ஒரு படியோடு நின்றுவிடும். முதலில் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. வருஷா வருஷம் ஏறி, இப்போது அவருடைய ஜீப்புக்கு எழுநூற்றுச் சொச்சம் பவுண்டு. இரண்டு நாள் முன்னால் போயிருந்தால் ஏறக்குறைய பாதிதான்.

"குவிலிம், அந்த ரெட்டைக் குட்டிங்க நல்லா இருக்கா?" என்று பக்கத்துப் பண்ணை மெரெடித் இன்றைக்கும் கேட்பார். "வேல்ஸ்லயே விலை ஒசந்த குட்டிங்க ஆச்சே."

மெரெடித் ஓட்டுவது பின்னால் திறந்த பெட்டி வைத்த வண்டி. குவிலிமின் ஜீப்பைவிடக் கறுப்பாகப் புகை விடும். ஆனால் சட்டத்தில் அது சரக்கு வண்டி, அதற்குப் புகைக் கணக்கு கிடையாது. குவிலிமின் ஜீப்பில் பின்னிருக்கை இருக்கிறது, ஆகவே அது கார். பின்னிருக்கையில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, ஆடுகளைத் தவிர.

குவிலிம் எங்கள் தேவாலயச் சபையில் மூப்பர். பொய் சொல்ல மாட்டார். ஒருமுறை, 'ஆடுகள் ஏப்பம் விடுவதற்கும் இனி வரி உண்டு, தலைகளை எண்ணி எழுதி அனுப்பவும்' என்று முத்திரையெல்லாம் போட்டு ஒரு கடிதம் அவருக்குப் போனது. யார் அனுப்பியது என்று இதுவரை நிரூபணமாகவில்லை. மனிதர் இரண்டு நாள் மலையேறி எண்ணிவிட்டு, "நூத்தி எண்பத்தி மூணு. ஆனா அதுல ஒண்ணு ஏப்பமே விடாது, சீக்கு" என்று பதில் எழுதி வைத்திருந்தார். அப்படிப்பட்டவர்.

அப்படிப்பட்டவர்தான் இந்த ஜனவரியில் தகராறு பண்ணினார்.

"ரெண்டு நாளுக்காக இருபது வருஷம் கட்டியாச்சு நெஸ்டா. இனிமே முடியாது."

"சரி, என்ன பண்ணப் போறே?"

"சாலையில ஓட்டலைன்னு எழுதிக் குடுத்துட்டா வரி கிடையாது. நம்ம நிலத்துக்குள்ள மட்டும் ஓட்டிக்கலாம்."

"நான்?"

குவிலிம் பேனாவைத் தேடப் போனார்.

நெஸ்டாவுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்து இரண்டு வருஷம், வரிசை நகர்கிறது என்று கடிதம் மட்டும் வருகிறது. குனிந்து எதிலும் உட்கார முடியாது. ஜீப் இருக்கை உயரம் அவருக்குச் சரியாக இருக்கும், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து ஏறிவிடுவார். வியாழக்கிழமைதோறும் மாலை ஐந்துக்கு, நான்கு மைல் கீழே, சபையின் பின்கட்டில் பாட்டுப் பயிற்சி. நெஸ்டா பாடுவது பெண்களில் தணிந்த குரல். அந்தக் குரலுக்கு ஊரில் மிச்சம் இருப்பது இரண்டே பேர், நெஸ்டாவும் என் அம்மாவும். நெஸ்டா வாரத்தில் வீட்டை விட்டு வெளியே போவது அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

குவிலிம் எழுதிக் கொடுத்துவிட்டார். பிப்ரவரி ஒன்று முதல் வண்டி சாலைக்கு வராது.

ஜனவரி முப்பத்தொன்று மதியம், பனி வரப்போகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். குவிலிம் ஜீப்பில் சாலையைத் தாண்டி மலைக்குப் போனார். மேலே ஜீப்பை நிறுத்தி இறங்கி, நாயை ஏவி, நூற்று எண்பது சொச்சம் ஆடுகளையும் சேர்த்துக் கீழே ஓட்டிவந்தார். ஆட்டை ஓட்டிவருகிறவன் பின்னால் நடந்துதான் வருவான், எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். நாய் முன்னால், ஆடுகள் நடுவில், மனிதர் கடைசியில். சாலையைத் தாண்டி, முற்றத்தில் அடைத்து, கதவைச் சாத்தி, உள்ளே வந்து ஆட்டுக்கறி சூப்பைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார்.

காலையில் பிப்ரவரி ஒன்று. நெஸ்டாதான் ஜன்னலில் பார்த்தார்.

"குவிலிம். ஜீப் எங்கே?"

அவர் ரொட்டியை வாயில் வைத்தபடியே திரும்பிப் பார்த்தார். எதிர்ச்சரிவில், பனிக்கு மேலே, பச்சையாக நின்றது.

"பத்தடி இருக்குமா," என்றார் நெஸ்டா. "ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடேன். யார் பார்க்கப் போறா?"

"கடவுள் மன்னிச்சுடுவார். மெரெடித் பார்த்துட்டா?"

மெரெடித் அன்று மதியமே வந்தார், சிரிப்பை அடக்கத் தெரியாமல். "நம்ம டிரெய்லர்ல ஏத்தி இந்தப் பக்கம் இறக்கிடலாம்யா. மேலே ஏத்திட்டா அது வண்டி இல்லே, மூட்டை. சட்டத்துக்குச் சரிதான்."

குவிலிம் யோசித்துவிட்டு மறுப்பாகத் தலையை ஆட்டினார். "இந்தப் பக்கம் கொண்டுவந்து? முற்றத்துல சுத்தி சுத்தி ஓட்டவா? அங்கே நின்னாலாவது, பனி கரைஞ்சு மேலே போற ஆட்டுக்குத் தீனி கொண்டுபோகும்."

அது உண்மைதான். எந்தப் பக்கம் நின்றாலும் சாலைக்கு வர முடியாது. அப்புறம் எந்தப் பக்கமாக இருந்தால் என்ன.

பனி கரைந்து ஆடுகள் திரும்ப மேலே போனதிலிருந்து குவிலிம் காலையில் நடந்து சாலையைத் தாண்டுவார். ஜீப்பைக் கிளப்பி மலையெல்லாம் சுற்றுவார். சாயங்காலம் கேட் வரை ஓட்டிவந்து, முன்சக்கரம் சாலையைத் தொடாமல் நிறுத்திவிட்டு, இறங்கி நடந்து வீட்டுக்கு வருவார். நெஸ்டா ஜன்னலில் அதைப் பார்ப்பார். "அது அங்கே கிடக்கு, நான் இங்கே கிடக்கேன்" என்று என் அம்மாவிடம் போனில் சொன்னார்.

முதல் வியாழன் எங்கள் காரை எடுத்துக்கொண்டு அம்மா மேலே போனார். எங்கள் கார், புகை குறைவு என்பதால் வரியே கிடையாத சின்னக் கார். வயிறு தரையில் தேய்ந்து சத்தம் போட்டது. நெஸ்டாவை உள்ளே இறக்க முடிந்தது, அவ்வளவுதான். சபை வாசலில் அவரை வெளியே எடுக்க நான்கு பேர் வேண்டியிருந்தது, போதகரையும் சேர்த்து. நெஸ்டா சத்தம் போடவில்லை. அன்றைக்குப் பாடவும் இல்லை. மூன்றாம் வியாழன் மெரெடித் அழைத்துப் போனார். அவருடைய இருக்கை உயரம்தான், ஆனால் மடியில் ஒரு ஈரநாய், காதில் நான்கு மைலும் இரட்டைக் குட்டி ஜோக்.

"இனிமே யாரையும் கேட்காதே," என்று நெஸ்டா அம்மாவிடம் சொன்னார். "வாராவாரம் ஒருத்தர் வாசல்ல வந்து எடுத்துட்டுப் போக நான் என்ன பால் பாட்டிலா?"

அம்மா தனியாகப் பாடினார். நன்றாக இல்லை. நானே சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரியைப் பற்றி நெஸ்டா தப்பாகப் பேசி நான் கேட்டதில்லை. சமையலறையில் ஒருநாள் குவிலிம், நகரத்தில் பிள்ளைகளைப் பள்ளியில் விட மலைவண்டி வைத்திருப்பவர்களுக்காகப் போட்ட வரி தன் தலையில் விழுந்ததென்று கத்தினார். நெஸ்டா உருளைக்கிழங்கை உரித்தபடி சொன்னார்: "புகை புகைதான் குவிலிம். நீ விட்டா மட்டும் மணக்குமா? வரி சரியோ தப்போ, நீ சண்டை போடறது லண்டனோட. ஆனா வீட்டுல அடைஞ்சு கிடக்கறது யாரு?"

"ரெண்டு நாள் நெஸ்டா."

"எனக்கு அஞ்சு வாரம்."

குவிலிம் தொப்பியை எடுத்துக்கொண்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார். அவருக்கும் வேறு வழி இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஜீப்பை விற்கலாம் என்றால், அந்தத் தேதி போட்ட வண்டியை யாரும் வாங்குவதில்லை. வரியைக் கட்டிவிடலாம் என்றால், பள்ளத்தாக்கு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. தானே கட்டிய சுவருக்குள் தானே நின்றுகொண்டிருந்தார், கேட் எந்தப் பக்கம் என்று மறந்துபோய்.

மார்ச் இரண்டாம் வாரம், குவிலிம் மலையில் இருந்த நேரம், நெஸ்டா ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டார். "டேப் இருக்கா? அந்தச் சாலையை அள. உன் காலால இல்லே, டேப் வெச்சு."

பதினோரு அடி. வீட்டுக் கதவிலிருந்து சாலை வரை நாற்பது. அதை அவர் மனதுக்குள் போட்டுப் பார்த்தார். அடுத்தது அலமாரியில் இருந்த வண்டிப் பதிவுத்தாளை எடுக்கச் சொன்னார். அதற்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா. முட்டை விற்ற காசு, ஏழு வருஷத்தினுடையது. தனியார் ஆஸ்பத்திரியில் இடுப்பு மாற்றுவதற்காகச் சேர்த்தது. அதற்குக் கால்வாசி கூடச் சேரவில்லை, ஆனால் டப்பா மேலே 'இடுப்பு' என்று எழுதி ஒட்டியிருந்தார். அதிலிருந்து ஆறு மாத வரிக்கு எடுத்தார். பதிவுத்தாளில் இருந்த பதினோரு இலக்க எண்ணை போனில் தட்டிக் கொடுத்தது யார் என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். டப்பா மேல் எழுத்தைப் பார்த்து, எண்ணைத் தப்பாகப் போடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது, அதையும் கேட்க வேண்டாம்.

வியாழன் நான்கே கால் மணிக்கு குவிலிம் கேட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை, ஏனென்றால் பாட்டுக்குழுவின் பச்சைத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, இரண்டு கைத்தடியோடு, நெஸ்டா சாலையின் நடுவில் வந்துகொண்டிருந்தார். பதினோரு அடிக்கு நான்கு நிமிஷம் ஆனது. பிறகுதான் குவிலிம் இறங்கி ஓடிவந்து பிடிக்கப் போனார், நெஸ்டா கைத்தடியைத் தூக்கிக் காட்டினார். தானே கதவைத் திறந்து, சாய்ந்து, ஏறி உட்கார்ந்தார்.

"ஓட்டு."

"நெஸ்டா, இறங்கு. முடியாதுன்னு உனக்குத் தெரியும்."

"முடியும். செவ்வாய்க்கிழமையே கட்டியாச்சு."

"யாரு?"

"நான்தான்."

"எந்தப் பணத்துல?"

நெஸ்டா முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் வேறு பணம் இல்லை என்பது குவிலிமுக்குத் தெரியும். அவர் முகம் என்ன ஆனது என்று எழுத எனக்கு வரவில்லை. கல்சுவருக்கு இந்தப் பக்கம் குந்தியிருந்ததால் பாதிதான் தெரிந்தது, அதுவே அதிகம்.

"என்னைக் கேட்டிருக்கலாமே," என்றார்.

"கேட்டேன். 'நான்?'னு கேட்டேன். ஜனவரியில."

இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் முன்சக்கரம் சாலையைத் தொட்டது.

அன்று இரண்டு குரலும் இருந்ததால் பாட்டு பாட்டு மாதிரி இருந்தது. குவிலிம் உள்ளே வரவில்லை. ஜீப்பிலேயே, கண்ணாடியை முழுக்க ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீ கொண்டுபோய்த் தட்டினேன். இரண்டு விரல் அளவு இறக்கினார்.

"உள்ளே பாடறது கேட்குதா அங்கிள்?"

"கேட்குது." டீயை வாங்கிக்கொண்டார். "அவ குரல் எதுன்னுதான் பிரிச்சுப் பார்க்க முடியலே." கண்ணாடியை மறுபடி ஏற்றவில்லை.

டப்பா இப்போதும் அலமாரியில்தான் இருக்கிறது, எழுத்தும் அப்படியே. ஆஸ்பத்திரியிலிருந்து ஜூலையில் இன்னொரு கடிதம் வந்தது, வரிசை நகர்கிறதாம். கட்டியது ஆகஸ்ட் கடைசி வரைக்கும்தான். ஒரு மாதமாக குவிலிம் முட்டைகளைத் தானே தபால்காரர் வேன் வரை கொண்டுபோய்க் கொடுத்து விற்றுவரச் சொல்கிறார், காசு எங்கே போகிறது என்று யாருக்கும் சொல்வதில்லை. வரி பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. செப்டம்பர் ஒன்றாம் தேதி காலையில் ஜீப் சாலைக்கு எந்தப் பக்கம் நிற்கும் என்று பள்ளத்தாக்கில் பந்தயம் ஓடுகிறது. மெரெடித் மலைப்பக்கம் என்கிறார், குவிலிம் மறுபடி வரி கட்ட மாட்டாராம்.

நான் வீட்டுப்பக்கம் என்று இரண்டு பாக்கெட் பிஸ்கட் கட்டியிருக்கிறேன்.