அக்காவின் அவையடக்கம்

அக்காவின் வீட்டில் ஒரு பழைய இஸ்திரி மேசை இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், புலம்பெயர்ந்து வந்து பிளாக்ஹவுஸ் பே என்ற புறநகரில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது, அதுவே அவருடைய மேடை. மழைநீர் வடிகால்களை வடிவமைக்கும் ஒரு நிறுவனத்தில் அவர் தற்காலிகப் பொறியியலாளர். மேலாளர்கள் முன் தன் வடிவமைப்பை ஆங்கிலத்தில் விளக்கி அவர்களை ஏற்கச் செய்தால் வேலை நிரந்தரமாகும்; இல்லையேல் ஒப்பந்தத்தோடு முடிந்துவிடும். புரொஜெக்டர் தாள்களை மேசைமேல் அடுக்கி, என்னையும் சோபாவில் கிடந்த தன் சிறுமகளையும் சபையாக்கி, மாலைதோறும் ஒத்திகை பார்த்தார்.

வேகத்தைக் குறைத்தோம், உச்சரிப்பைச் செப்பனிட்டோம். உரையின் தொடக்க வரிகளில் மாற்ற ஏதுமிருப்பதாக இருவருக்கும் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்துப் பாடசாலை மேடைகளில் பழகிய அவையடக்கம் அது: இப்பொருளில் நான் அறிந்தது சொற்பம், அனுபவசாலிகளாகிய உங்கள் முன் பேசத் தகுதியற்றவள், பிழையிருப்பின் பொறுத்தருள்க. அக்கா அதை அழகிய ஆங்கிலமாக்கியிருந்தார். மகள்தான் தலையை நிமிர்த்தினாள்.

“வை ஆர் யூ சேயிங் சாரி, அம்மா? யூ டிட்ன்ட் டூ எனிதிங்!”

“சும்மா இரடி. சபைக்கு மரியாதை குடுக்க வேணும்.”

மேலாளர்கள் முன் பேசிய அன்று வீடு திரும்பியவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் அமர்ந்தார். எல்லோரும் கவனமாகக் கேட்டார்களாம். இறுதியில் மேலாளர், மிகுந்த கனிவோடு, உங்கள் நேர்மைக்கு நன்றி, உங்களுக்கே நிச்சயமில்லாததால் நன்கு தெரிந்த ஒருவரிடம் இதை ஒப்படைக்கிறோம் என்றாராம்.

“எனக்குத் தெரியாதெண்டு அவையளுக்கு ஆர் சொன்னது?”

“நீங்கள்தானே அக்கா சொன்னனீங்கள்.”

“அப்பிடிச் சொன்னால் தெரியாதெண்டு அர்த்தமோடி?”

எல்லாம் கற்ற புலவர்கள் ஏதும் அறியேன் என்று தொடங்குவதை ஆயிரம் பக்கங்களில் வாசித்திருக்கிறேன். அதை எந்தச் சபையும் நம்பியதாக வாசித்ததில்லை. இங்கே நம்பிவிட்டார்கள். பேசியவர் பிழையா, கேட்டவர்கள் பிழையா? இன்றுவரை எனக்குத் தெளியவில்லை.

ஒப்பந்தம் முடிந்தது. சில மாதங்களின் பின், மவுண்ட் வெல்லிங்டனில் வேறொரு நிறுவனம் தன் முன் பேசிக்காட்ட அழைத்தது. இம்முறை முன்னுரையை வெட்டிவிட்டு, இந்த வடிவமைப்பு வெள்ளத்தைத் தாங்கும், எப்படியென்று காட்டுகிறேன் என்றே தொடங்கினார். வேலை கிடைத்தது. நான் வைத்த பாயசத்தை அக்கா கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தார்.

“ஆரோ ஒரு திமிர் பிடிச்சவள் எழும்பிக் கதைச்ச மாதிரி இருந்தது. அவளுக்குத்தான் வேலை குடுத்திருக்கினம்.”

சிரித்தோம். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

சென்ற வாரம் அதே இஸ்திரி மேசைமேல் மடிக்கணினியை வைத்து, மகள் தன் அலுவலக உரையை ஒத்திகை பார்த்தாள். அவையடக்கமோ தயக்கமோ இல்லை; இந்தச் சிக்கலை நான் தீர்த்துவிட்டேன் என்று ஆங்கிலத்தில் எடுத்த எடுப்பில் தொடங்கினாள். துவைத்துலர்ந்த துவாய்களை மடித்துக்கொண்டிருந்த அக்காவின் உதடுகள் அசைந்தன.

“என்னக்கா முணுமுணுக்கிறியள்?” என்று மெல்லக் கேட்டேன்.

“அவள் சொல்லேல்லை,” என்றார், துவாயிலிருந்து கண்ணெடுக்காமல். “ஆராவது சொல்லத்தானே வேணும்.”