பதினொரு முழக் குதிரை

உக்கடத்துப் பழைய புத்தகக் கடைக்கு நான் போனது மகளுக்கு ஏழாம் வகுப்பு அறிவியல் கைடு வாங்க. வாங்கி வந்ததோ ஒரு கட்டுக் குதிரைப் புத்தகங்கள். சணல் கயிற்றில் இறுகக் கட்டி, யாரோ படித்து முடித்த பொறியியல் பாடநூல்களுக்கு அடியில் கிடந்தது. மேல் அட்டையில் மஞ்சள் முடிக்காரப் பெண் ஒருத்தி, அவள் தோளுக்கு மேல் ஒரு பழுப்பு நிறக் குதிரைத் தலை. பார்த்ததும் நடைபாதை என்றுகூடப் பாராமல் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏனுங்க, அது கொழந்தைக புஸ்தகமுங்க. கைடெல்லாம் அக்கட்டால இருக்குதுங்க" என்றார் கடைக்காரர்.

"தெரியுமுங்க" என்றேன். குரலில் இருந்த கடுகடுப்பு எனக்கே கேட்டது. அவர் மேல் தப்பில்லை. ஆனால் என் ஒன்பது வயதின் மொத்தச் சொத்தையும் ஒருவர் அப்படிக் கையால் ஒதுக்கினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரத்தான் செய்யும்.

அந்த வரிசையில் கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமம். அங்கே ஒரு பெண், அவளுக்கு ஒரு குதிரை. எல்லாப் புத்தகத்திலும் மழை பெய்யும். எல்லாப் புத்தகத்திலும் அவள் கீழே விழுவாள். குதிரையை அடிக்கிற ஒரு கெட்டவன் வருவான், கடைசியில் போட்டி நடக்கும், அவளுக்கு ரிப்பன் கிடைக்கும். நடுநடுவே வெள்ளரிக்காய் வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டே இருப்பாள். அப்பா அம்மா என்று இரண்டு பேர் உண்டு. டீ ஊற்றிக் கொடுப்பதைத் தவிர அவர்களுக்கு உலகத்தில் வேலையில்லை. பரீட்சை, வீட்டுப்பாடம் என்ற பேச்சே கிடையாது. போத்தனூரில் ஒரு மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படித்த எனக்கு, அந்த ஊரில் பிறக்காமல் போனது யாரோ செய்த சதி என்றே பட்டது.

புத்தகங்களைக் கொண்டு வந்தது அப்பா. ரயில்வேயில் வேலை. தினமும் கோயம்புத்தூர் ஜங்ஷனுக்குப் போய் வருவார். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு லெண்டிங் லைப்ரரி இருந்தது. அங்கிருந்து வாரம் ஒரு புத்தகம், டிபன் பைக்குள் தயிர்ச்சோற்று வாசனையோடு வரும். அப்பா தமிழ் மீடியம். ஆபீஸ் சர்க்குலர் வந்தால் விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாக நகர்த்திப் படிப்பார். இங்கிலீஷ் கான்வென்ட்டில் என்னைச் சேர்த்துவிட்டு, நான் கதைப்புத்தகம் படிப்பதைத் தூரத்தில் நின்று பார்ப்பதிலேயே அவருக்கு வயிறு நிறைந்துவிடும்.

இப்போது நான் செய்த பெரிய தவறுக்கு வருகிறேன். முதல் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அந்தக் குதிரையின் உயரம் பதினொரு 'ஹேண்ட்ஸ்' என்று போட்டிருந்தது. தெரியாத வார்த்தையா என்ன? ஹேண்ட் என்றால் கை. கையால் அளப்பது என்றால் முழம். சாயங்காலம் எங்கள் தெருவுக்கு வரும் பூக்காரம்மா முழங்கையிலிருந்து விரல் நுனிவரை மல்லிகைச் சரத்தை இழுத்து அளப்பதை நான் தினமும் பார்ப்பவள். ஆகவே குதிரை பதினொரு முழம்.

எங்கள் வீட்டு ஓட்டுக்கூரை அதற்கு இடுப்பளவுதான் வரும். ஆனால் நான் அசரவில்லை. ஊர் எல்லைக் கருப்பராயன் கோயிலில் சுண்ணாம்பும் சிவப்பும் பூசிய குதிரை நிற்கிறது. பூசாரி அதற்கு ஏணி வைத்துத்தான் மாலை போடுவார். இங்கேயே அப்படி இருக்கும்போது இங்கிலாந்தில் இருக்காதா? அதற்கப்புறம் கதையில் எல்லாமே பொருந்தி வந்தது. குதிரை வேலியைத் தாண்டியது என்றால், தாண்டாமல் என்ன செய்யும். படுக்கையறை ஜன்னலில் தலையை நீட்டி அவளை எழுப்பியது என்றால், நிச்சயம் மாடி ஜன்னல். இவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் அந்தப் பெண்ணுக்குக் கழுத்துக்குக் கீழே ஒரே ஒரு எலும்புதான் உடைந்தது என்று படித்தபோது, அவள்மீது எனக்கு வந்த மரியாதை இன்னும் முழுசாகப் போகவில்லை.

எங்கள் வீட்டில் குதிரை இல்லை, எருமை இருந்தது. அந்த வருஷம் அது ஒரு கிடாக்கன்று போட்டது. போதாதா? குதிரையின் இங்கிலீஷ் பேரையே கன்றுக்கு வைத்தேன். அது வாயில் நுழையாமல் அம்மா "கருப்பா" என்றே கூப்பிட்டாள். புத்தகத்தில் குதிரையைத் தேய்க்க 'கறிகோம்' என்று ஒரு சாமான் வரும். கோம் என்றால் சீப்பு. கறிக்கு எதற்குச் சீப்பு என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கடைசியில் அம்மாவின் ஈர்கொல்லிச் சீப்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க! உங்க மவ எருமைக்குத் தலை சீவீட்டு இருக்குது!" என்று அம்மா போட்ட சத்தம் ரயில்வே கேட் வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்பா வந்து பார்த்தார். "நல்லாத்தான் சீவியிருக்குது" என்றார்.

குதிரைக்குச் சர்க்கரைக் கட்டி கொடுப்பார்கள், நான் அச்சு வெல்லம் கொடுத்தேன். குதிரைக்குத் தவிட்டுக் கஞ்சி என்று படித்தபோது பெருமையாக இருந்தது, அதைத்தான் நாங்களும் கரைத்து வைத்தோம். தாண்டப் பழக்குவதற்காக இரண்டு செங்கல் மேல் மூங்கிலை வைத்தேன். கன்று அதை முகர்ந்து பார்த்துவிட்டு அதன்மேல் படுத்துக்கொண்டது. சேற்றில் புரள விடவே கூடாது என்று புத்தகம் கண்டிப்பாகச் சொல்லும். தேய்த்துப் பளபளவென்று ஆக்கி முடித்த மறுநிமிஷம் அது நேராகச் சாக்கடைக்குப் போய் உட்காரும். எருமைக்குப் புத்தகம் எழுதுகிறவர்கள் யாரும் இல்லாததால் வந்த வினை. ஆனாலும் ஸ்கூல் விட்டு நான் வரும்போது வேலிக்கு மேல் அந்த ஈர மூக்கு நீண்டிருக்கும். எனக்கு அதைவிட வேறு ரிப்பன் வேண்டியிருக்கவில்லை.

கடைசிக்கு முந்தைய புத்தகம் ஓர் அநியாயத்தோடு முடிந்தது. குதிரையைக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறாள், அத்தோடு சரி. மீதி அடுத்த புத்தகத்தில். அதே வாரம்தான் எங்கள் வீட்டிலும் அம்மாவும் அப்பாவும் தாழ்ந்த குரலில் பேசுவதை நான் கேட்டேன். கிடாக்கன்று பால் குடிக்குமே தவிரக் கறக்காது. பொள்ளாச்சிச் சந்தைக்குக் கொண்டுபோய்விடலாம் என்று பேச்சு.

எனக்குச் சோறு இறங்கவில்லை. குதிரை அந்த வீட்டிலேயே இருந்துவிட்டால் என் கன்றும் இருந்துவிடும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். தினமும் சாயங்காலம் கேட்டில் நின்று, "கடைசிப் புஸ்தகம் வந்துச்சுங்களாப்பா?" என்று கேட்பேன். "யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்களாம் கண்ணு, இன்னும் திருப்பிக் குடுக்கல" என்பார். அந்த வாரம் என் பாக்கெட் டிக்‌ஷனரி வேறு காணாமல் போனது. அம்மாதான் பழைய பேப்பரோடு போட்டுவிட்டாள் என்று சண்டை பிடித்தேன். அப்புறம் ஒரு நாள் அது என் மேஜையிலேயே இருந்தது, லேசான தயிர்ச்சோற்று வாசனையோடு. வீட்டில் எல்லாவற்றுக்கும் அந்த வாசனை என்பதால் நான் யோசிக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை நான் ஸ்கூலுக்குப் போனபின் கன்றை டெம்போவில் ஏற்றிப் போய்விட்டார்கள். சாயங்காலம் அப்பா திரும்பி வந்தபோது காலி முளைக்குச்சியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சட்டையைக்கூட மாற்றாமல் அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நல்ல எடத்துலதான் உட்டுருக்கேன் கண்ணு. கோபிப் பக்கம் ஒரு தோட்டத்துக்காரங்க. அவிய ஊட்டுல ஒரு சின்னப் பையன், முன்னாடிப் பல்லு ரெண்டும் இல்ல. கட்டுத்தறிக்கு மேல கொய்யா மரம், பழம் தானா உளுகும். ஒத்தக்கண்ணு நாய் ஒண்ணு இருக்குது, போனதுமே நம்ம கன்னு பக்கத்துல வந்து படுத்துக்கிச்சு."

பல் இல்லாத பையனும் ஒற்றைக்கண் நாயும் பொய்யாக இருக்க முடியாது. அப்படியெல்லாம் கற்பனை செய்கிற ஆளா அப்பா? அன்று ராத்திரி நான் சோறு தின்றேன்.

கொஞ்ச நாள் கழித்துக் கடைசிப் புத்தகத்தை மறுபடி கேட்டபோது, அப்பா தலையைச் சொறிந்தார். "அந்தப் புள்ளை வளந்துருச்சாம் கண்ணு. ஏறி ஒக்காந்தா காலு தரையில தட்டுதாம். அதுனால பக்கத்து ஊட்டுச் சின்னப் பையனுக்குக் குதிரையக் குடுத்துப்போட்டாங்களாம்."

நான் எகிறினேன். "பதினொரு முழக் குதிரை மேல ஒக்காந்தா எப்பிடிங்கப்பா காலு தரையில தட்டும்? நீங்க படிக்கவே இல்லீங்க! நம்ம கன்னு கதையவே எனக்குத் திருப்பிச் சொல்றீங்க!"

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். "ஆமா கண்ணு, படிக்கல" என்றார்.

இந்தக் கதையை நான் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. இங்கிலீஷ் குதிரைக்கு எருமைக் கன்றின் கதையை ஒட்டவைத்த அப்பா என்று நான் நடித்துக் காட்டினால் பந்தியே சிரிக்கும். அப்பாவும் பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடச் சேர்ந்து சிரிப்பார்.

உக்கடத்தில் வாங்கிய கட்டுக்குள் அந்தக் கடைசிப் புத்தகம் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மகளுக்கு முதல் புத்தகத்தைக் கொடுத்து, குதிரையின் உயரத்தைக் கவனிக்கச் சொன்னேன். பதினொரு முழம் என்று கையை விரித்தும் காட்டினேன். ஒன்பது வயதில் போட்ட கணக்கை நான் அதன்பின் சரிபார்க்கவே இல்லை. அவள் போனைத் தட்டிப் பார்த்தாள்.

"அம்மா, ஒரு ஹேண்ட்னா நாலு இஞ்ச். உள்ளங்கை அகலம். இது உங்க நெஞ்சு ஒசரம்கூட இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க மேத்ஸ் டீச்சர்தான?" என்றாள்.

ஆமாம், நான் கணக்கு டீச்சர். அலகு மாற்றத்தில் கோட்டைவிடும் பிள்ளைகளை வருஷக்கணக்காக நிற்கவைத்துக் கேள்வி கேட்பவள். மகள் சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழப் பார்த்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா சொன்ன முடிவு ஞாபகம் வந்தது. நெஞ்சு உயரம்கூட இல்லாத குதிரை. அப்படியானால் கால் தரையில் தட்டும்.

கடைசிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். மஞ்சள் முடிக்காரி வளர்ந்திருந்தாள். ஏறி உட்கார்ந்தால் ஷூ புல்லில் உரசியது. அழுதுகொண்டே குதிரையைப் பக்கத்துப் பண்ணைப் பையனிடம் கொடுக்கிறாள். அவனுக்கு முன்பற்கள் இரண்டும் விழுந்திருக்கின்றன. புது லாயத்துக்கு மேலே ஆப்பிள் மரம், பழம் தானாக விழுகிறது. வைக்கோலில் குதிரைக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டு நாய் வந்து படுக்கிறது. அதற்கு இடது கண் தெரியாது.

புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தேன். எது நிஜம், எது கதை என்று இத்தனை வருஷமாகத் தலைகீழாக வைத்திருந்திருக்கிறேன். அப்பா புத்தகத்தைப் படித்திருந்தார். பாசஞ்சர் வண்டியில், என் டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு, விரலை நகர்த்தி நகர்த்தி, கடைசிப் பக்கம்வரை. லைப்ரரியிலிருந்து எடுத்துப்போன அந்த 'யாரோ' அவர்தான். குதிரைக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு முன்னால் தெரிந்துகொள்ளத்தான் எடுத்திருக்க வேண்டும். அதில் கிடைத்த முடிவைக் கன்றுக்குக் கொடுத்துவிட்டார். பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து கிடாக்கன்றுகள் அறுப்புக்கு எந்த லாரியில் ஏறும் என்று வளர்ந்தபின் எனக்கும் தெரியும். ஆனால் எங்களுடையது மட்டும் கோபியில் கொய்யாப்பழம் தின்று வாழ்ந்தது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கன்றுக்காக அழுதேன். ஒன்பது வயதில் அழ வேண்டியதை இப்போது அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை போத்தனூர் போனேன். புத்தகம் கைப்பையில் இருந்தது. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது அப்பாவின் ஸ்கூட்டர் நிற்கிறது. அப்பா நாற்காலியைப் போட்டு, முறத்தில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். காது கொஞ்சம் மந்தம், மற்றபடி கெட்டி. உள்ளேயிருந்து அம்மா டீ போடுவதாகச் சத்தம் கொடுத்தாள்.

"வா கண்ணு" என்று கடலையை என் பக்கம் தள்ளினார்.

கொஞ்ச நேரம் நானும் உரித்தேன். அப்புறம் கேட்டேன். "ஏனுங்கப்பா, நம்ம எருமைக் கன்னு ஞாபகம் இருக்குதுங்களா? கோபிப் பக்கம் உட்டீங்களே."

அப்பாவின் விரல் ஒரு கணம் நின்றது. "ஏன் இல்லாம? நல்ல எடம். கொய்யா மரமெல்லாம் இருந்துச்சு."

"பல்லு இல்லாத பையன்."

"ஆமா. அவனுக்கே இந்நேரம் புள்ளைக இருக்கும்" என்று உரிப்பதைத் தொடர்ந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

கை பைக்குள் போய் அட்டையைத் தொட்டது. எடுத்துக் காட்டினால் என்ன சொல்வார் என்று தெரியும். ஆமா கண்ணு, படிச்சேன் என்பார். அதற்குமேல் அவரிடம் எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை. இந்த மனுஷரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது, எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. பையை மூடினேன்.

"அந்த ஒத்தக்கண்ணு நாய்ங்கப்பா," என்றேன். "அதுக்கு எந்தக் கண்ணுங்க தெரியாது?"

அப்பா யோசிக்கவே இல்லை.

"எடது கண்ணு, கண்ணு."